“ஏஐ கொடுத்தது மேடம்”: புது டீம் லீட் ஒருவருக்குப் பதில்

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவமனை பில்லிங், இன்சூரன்ஸ் க்ளெய்ம் மென்பொருள் எங்களுடையது. ஆறு மாதத்துக்கு முன் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். அதே சமயத்தில் எல்லோருக்கும் ஏஐ கோடிங் கருவி வந்தது. இப்போது கோடு (நிரல்) மலைபோல் வந்து குவிகிறது. எல்லாவற்றையும் நான்தான் படித்துப் பார்த்து ரிவ்யூ செய்கிறேன். முடிக்க ராத்திரி பதினொன்று ஆகிறது. ஃப்ரெஷர் ஒருவரிடம் “இந்த வரி எதுக்குப்பா?” என்று கேட்டால் “ஏஐ கொடுத்தது மேடம்” என்கிறார். பதினெட்டு வருட அனுபவமுள்ள சீனியர் ஒருவர் ஏஐ பக்கமே போக மாட்டேன் என்கிறார். வாரத்துக்கு எத்தனை பிஆர் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்புவது) மெர்ஜ் ஆனது என்று மேனேஜர் டாஷ்போர்டு போட்டிருக்கிறார். எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் ரிலீஸ் தள்ளிப்போகிறது, ப்ரொடக்ஷனில், அதாவது நிஜப் பயன்பாட்டில், பக்கும் (பிழையும்) கூடிவிட்டது. இன்னும் இரண்டு பேர் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் கோடு எழுதி மாதக்கணக்காகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தப்பு செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. அணியின் வேலை முழுவதும் ஒரே இடத்தில் வந்து தேங்குகிறது. அந்த இடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு மாற்றத்தை எழுத இரண்டு நாள் ஆகும், படித்துப் பார்க்க அரை மணி ஆகும். இப்போது எழுத இருபது நிமிடம் போதும். படிக்க அதே அரை மணி வேண்டும். எழுதியவருக்கே புரியாத கோடு என்றால் ஒரு மணி. ஏழு பேர் எழுதுகிறார்கள், ஒருவர் படிக்கிறார். ஆகவே உங்கள் அணியின் வேகம் இன்று நீங்கள் படிக்கும் வேகம்தான். கருவி இன்னும் இரண்டு மடங்கு வேகமானாலும் ரிலீஸ் ஒரு நாள்கூட முன்னால் வராது.

மனிதர் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. சிஸ்கோ நிறுவனத்தில் சுமார் 2,500 கோடு ரிவ்யூக்களை ஸ்மார்ட்பேர் நிறுவனம் ஆராய்ந்தது. ஒரே மூச்சில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் படித்தால் பக் கண்ணில் படுவது குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. கருவிகள் மாறியிருக்கின்றன, கண்ணும் கவனமும் மாறவில்லை. பதினொரு மணிக்கு நீங்கள் போடும் அப்ரூவல் பெரும்பாலும் களைப்பில் போடுவது. உங்களைக் குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான்.

முதல் வேலையாக, 300 வரியைத் தாண்டும் பிஆர் ரிவ்யூவுக்கே வரக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். பெரிதாக இருந்தால் எழுதியவரே உடைத்துத் தரட்டும். அடுத்து, முதல் ரிவ்யூ சக ஊழியருடையது. பணக் கணக்கு, க்ளெய்ம் விதி, நோயாளி விவரம், இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் மாற்றம் மட்டும் உங்களிடம் வரட்டும். ஸ்கிரீனில் பட்டன் இடம் மாறியதை எல்லாம் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. ரிவ்யூ செய்ய ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்கும் படிக்கப் பழகும். அந்தப் பழக்கம் உங்கள் ஃப்ரெஷர்களுக்கு இப்போது அவசரமாகத் தேவை.

“ஏஐ கொடுத்தது மேடம்” என்ற அந்த ஃப்ரெஷர் பையனிடம் வருகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அவர்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குழு எழுதிய கம்பைலரை (கோடை இயந்திரத்துக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருளை) இன்னொரு குழு எடுத்து விரிவாக்க முயன்ற கதை அதில் வருகிறது. கோடு முழுதாகக் கையில் இருந்தது, ஆவணங்கள் இருந்தன, முதல் குழு ஆலோசனையும் சொன்னது. இருந்தும் இரண்டாவது குழு கொண்டுவந்த மாற்றங்கள் அந்த வடிவமைப்பின் எளிமையையே கெடுப்பவையாக இருந்தன. முதல் குழுவுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டாவது குழுவுக்குத் தெரியவில்லை. நவுர் எடுத்த முடிவு இது: ஒரு மென்பொருள் உண்மையில் வாழ்வது அதை எழுதியவர்களின் மனத்தில். எதற்காக இப்படிச் செய்தோம், வேறு எந்த வழியை ஏன் விட்டோம், நாளை விதி மாறினால் எங்கே கை வைக்க வேண்டும் என்ற அந்தப் புரிதல்தான் மென்பொருள். கோடு அதன் தடம் மட்டுமே.

உங்கள் அணிப் பையன் பிஆர் அனுப்பும்போது கோடு வந்துவிடுகிறது. அந்தப் புரிதல் யார் தலையிலும் இல்லை. அவர் தலையில் இல்லை, அவசரமாகப் படித்த உங்கள் தலையிலும் இல்லை. ப்ரொடக்ஷனில் பக் கூடியதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய் வரைதான். நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்கிவிட்டார். வாடகை மட்டுமல்ல, அதைச் சார்ந்த மருத்துவச் செலவுகளும் பாதியாகக் கழிக்கப்படும், இல்லையா? இதை எழுதித் தா என்று ஏஐ-யிடம் கேட்டால், தகுதியான வாடகையை உண்மையான வாடகையால் வகுத்து, வந்த விகிதத்தை மொத்த பில்லிலும் பெருக்கி, அழகான ஒரு ஃபங்ஷன் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் தந்த வழிகாட்டுதலின்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், பரிசோதனைச் செலவுகள் அந்தக் கழிவுக்குள் வரா. ஐசியு கட்டணத்துக்கும் அது பொருந்தாது. அறுவை சிகிச்சைக் கட்டணம் 80,000 என்றால் அது 40,000 ஆகலாம். மருந்து பில் 60,000 ரூபாய் அப்படியே நிற்க வேண்டும். ஃபங்ஷன் அதையும் பாதியாக்கினால் ஒரு குடும்பத்துக்கு 30,000 ரூபாய் நஷ்டம். கோடு பார்க்கச் சுத்தமாக இருக்கும். ரிவ்யூவில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

டெஸ்ட் பிடித்துவிடாதா என்றால், அந்த டெஸ்ட்டையும் பெரும்பாலும் ஏஐதான் எழுதியிருக்கும். கோடைப் பார்த்து எழுதிய டெஸ்ட், கோடு என்ன செய்கிறதோ அதையே சரி என்று உறுதிப்படுத்தும். விதி என்ன சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று பச்சையாக ஓடும். இதை அணியில் எல்லோருக்கும் ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை வர வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் கோடு எழுதுவதற்கு முன். அதை டெஸ்ட் கோடாக மாற்றும் தட்டச்சு வேலையை ஏஐ-யிடம் விட்டுவிடலாம். க்ளெய்ம் டெஸ்க்கில் உட்காரும் ஒருவரைக் கூப்பிட்டு, சிக்கலான பத்து பில் தரச் சொல்லுங்கள். பெயர், விவரங்களை நீக்கிவிட்டு அந்தப் பத்து பில்லையும் நிரந்தர டெஸ்ட்டாக வையுங்கள். உங்களிடம் இப்போது இருக்கும் எத்தனையோ டெஸ்ட்டைவிட இவை உதவும்.

அந்தப் பையனுக்கு வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. யார் எழுதியிருந்தாலும் சரி, பிஆர் அனுப்புகிறவர் அதை வாயால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அரைப் பக்கம் எழுதட்டும்: பிரச்சினை என்ன, எந்த வழிகளை யோசித்தேன், எதை எடுத்தேன், எங்கே உடையலாம். முடித்த பிறகு பத்து நிமிடம் உங்களுக்கோ சீனியருக்கோ வரி வரியாகச் சொல்லட்டும். இன்ஷூரர் சர்வர் பதில் தராமல் போனால் இந்த லூப் மறுபடி அனுப்புமா, அனுப்பினால் ஒரே க்ளெய்ம் இரண்டு முறை பதிவாகுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பரீட்சைக்கு கைடு மனப்பாடம் செய்தவன் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் திணறுவதைப்போல முதலில் திணறுவார். இரண்டு மாதத்தில், நீங்கள் கேட்கப்போவதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வருவார்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் “ஏஐ கொடுத்தது” என்று உங்களிடம் உண்மையைச் சொன்னார். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நன்றாக ஒத்துழைத்து வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்; அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, பயமில்லாமல் வெளியே சொன்னதால். நர்ஸ்கள் திட்டுக்குப் பயந்த வார்டுகளில் தவறுகள் மறைந்து கிடந்தன. நீங்கள் இந்தப் பையனை எல்லோர் முன்னாலும் ஒருமுறை கடிந்துகொண்டால் போதும், அடுத்த முறை “நான்தான் எழுதினேன் மேடம்” என்பார். அதற்குப் பிறகு உங்களுக்கு எதுவுமே தெரியவராது. தனியாக, சாதாரணமாகச் சொல்லுங்கள்: “உண்மையைச் சொன்னது நல்லதுப்பா. வா, இது என்ன செய்யுதுன்னு சேர்ந்து பார்ப்போம்.”

ஃப்ரெஷர்களுக்கு இதில் வேறொரு இழப்பும் உண்டு. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே தொழிற்சாலைத் தானியங்கிகளைப் பற்றி எழுதும்போது இதைக் காட்டினார். இயந்திரம் எளிய வேலையை எடுத்துக்கொள்கிறது, கடினமான வேலை மட்டும் மனிதருக்கு மிஞ்சுகிறது. அந்தக் கடினத்தைச் சமாளிக்கும் திறமையோ எளிய வேலையைத் தினமும் செய்துதான் வர வேண்டும். நாம் எல்லாம் சின்னச் சின்ன பக் பிடித்துத்தான் கற்றோம். அந்தப் படிக்கட்டு இவர்களுக்கு இல்லை, நீங்கள்தான் கட்டித்தர வேண்டும். வாரம் ஒரு ப்ரொடக்ஷன் பக்கை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். லாக் (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவு) படித்து, இன்ன காரணம் என்று தானாக ஓர் ஊகத்துக்கு வரும்வரை ஏஐ வேண்டாம், அதன்பின் பயன்படுத்தட்டும். அந்த டிக்கெட்டுக்கு நேரம் கூடுதலாக ஆகும் என்பதை ஸ்பிரின்ட் (குறுகிய கால) வேலைத் திட்டத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே இந்தப் பழக்கம் செத்துப்போகும்.

சீனியரைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் எரிச்சல் தெரிகிறது. அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கும் முன் இதைக் கேளுங்கள். மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் ஒரு சோதனை நடத்தியது. தாங்கள் நன்கு அறிந்த ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். ஏஐ பயன்படுத்தினால் 24 சதவீதம் நேரம் குறையும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்தார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகும், ஏஐயால் 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். ஆட்கள் குறைவு, கருவிகளும் 2025 தொடக்கத்தில் இருந்தவை. இதை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பதினெட்டு வருடம் தனக்குத் தெரிந்த கோடில் வேலை செய்கிறவர் “எனக்கு இது உதவவில்லை” என்றால் அது வீம்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. வேகமாகிவிட்டதாக நமக்குத் தோன்றும் உணர்வும் சாட்சியமாகாது.

அவரோடு தனியாக உட்காருங்கள். கருவியைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். உங்கள் அணி இல்லாமல் தவிக்கும் அந்தப் புரிதல் அவரிடம்தான் இருக்கிறது. அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். இத்தனை வருட உழைப்பும் ஒரு கருவி வந்ததும் ஃப்ரெஷருக்குச் சமமாகிவிட்டதோ என்ற பயம் பல சீனியர்களிடம் நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் மீட்டிங்கில் சொல்ல மாட்டார்கள். க்ளெய்ம் விதி மாட்யூலின் வடிவமைப்புப் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள், ஃப்ரெஷர்களின் அரைப் பக்கக் குறிப்பை முதலில் அவர் பார்க்கட்டும். ஏஐ-யைப் பொறுத்தவரை, “உங்களுக்குச் செய்யவே பிடிக்காத வேலை எது?” என்று கேளுங்கள். டெஸ்ட் டேட்டா உருவாக்குவது, டேட்டாபேஸில் இருக்கும் பழைய ஸ்டோர்ட் ப்ரொசீஜரைப் படித்துச் சுருக்குவது என்று ஏதாவது சொல்வார். அதில் தொடங்கட்டும். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

நடுவில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நாளைக்கே விசாரியுங்கள். பக் பிடிக்கும் அவசரத்தில் யாராவது நிஜமான நோயாளியின் க்ளெய்ம் விவரத்தை எடுத்து, நிறுவனம் அனுமதிக்காத ஏஐ கருவியில் ஒட்டுகிறார்களா? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. சட்டத்தை விடுங்கள், அது ஒருவருடைய நோய் விவரம். டெஸ்ட்டுக்கு என்று பெயர் மாற்றிய தரவைத் தயாராக வைத்திருந்தால் இந்தச் சபலமே வராது.

மேனேஜரின் டாஷ்போர்டோடு சண்டை போடாதீர்கள். அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் ஏதாவது எண் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் எண்ணிக்கை வரும், அவ்வளவுதான். 1982-இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில் ஒவ்வொருவரும் வாரம் எத்தனை வரி எழுதினோம் என்று படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, ஆறு மடங்கு வேகமாக்கி, அதில் 2,000 வரியைக் குறைத்திருந்தார். படிவத்தில் “-2000” என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதையை மேனேஜரிடம் சொல்வதைவிட உங்கள் அணியின் எண்ணைக் காட்டுங்கள். கூகுளின் டோரா ஆய்வுக் குழு நீண்ட காலம் பயன்படுத்திய நான்கு அளவுகள் போதும்: எவ்வளவு அடிக்கடி ப்ரொடக்ஷனுக்குப் போகிறது, ஒரு மாற்றம் எழுதியதிலிருந்து அங்கே சேர எத்தனை நாள், எத்தனை மாற்றம் உடைந்து திரும்பியது, உடைந்ததைச் சரிசெய்ய எவ்வளவு நேரம். அதே குழு 2024-இல், ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது டெலிவரி வேகம் 1.5 சதவீதமும் நிலைத்தன்மை 7.2 சதவீதமும் குறைவதாக மதிப்பிட்டது. கோடு எளிதாக வருவதால் ஒவ்வொரு மாற்றமும் பெருத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்றார்கள். 2025 அறிக்கையில் வேகம் தேறியிருந்தது; நிலைத்தன்மைச் சிக்கல் தீரவில்லை. உங்கள் அனுபவமும் இதுதானே? கடந்த மூன்று மாத டிக்கெட்டை எடுத்து, ஏஐ வருவதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டு ஒரே பக்கத்தில் கொடுங்கள். பிஆர் ரிவ்யூவுக்காகக் காத்துக் கிடக்கும் நாட்களையும் அதில் சேருங்கள். அவருடைய டாஷ்போர்டை எடுக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இந்த நான்கையும் போடச் சொல்லுங்கள்.

கோடு எழுதாமல் கைப்பழக்கம் போய்விடுமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. ரிவ்யூ பாரம் குறைந்ததும் வாரத்தில் ஒரு அரை நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் தேதி நம்பியிருக்கும் வேலையை எடுக்காதீர்கள். மீட்டிங் வந்து நீங்கள் நகர்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டியிருக்கும். பில்ட் மெதுவாக ஓடுவது, அடிக்கடி பொய்யாக விழும் டெஸ்ட், இப்படி எல்லோரையும் தினமும் உறுத்தும் ஒன்றை எடுத்துச் சரிசெய்யுங்கள். மீதி நேரம் ஆட்களுக்கு. ஒவ்வொருவரோடும் வாரம் அரை மணி ஒன்-ஆன்-ஒன். ஸ்டேட்டஸ் கேட்க ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கிறது, இங்கே அதைக் கேட்காதீர்கள்.

கடைசியாக அந்த இரண்டு பேர். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். எட்டுப் பேருக்குள் பேசி ஒத்துப்போக வேண்டிய 28 ஜோடிகள், பத்துப் பேர் என்றால் 45. புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்களும் நீங்களும் சீனியருமே. ஏஐ அவர்களுக்கு முதல் நாளே கோடு கொடுத்துவிடும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் ரிவ்யூ வரிசை நீளும். ஆனால் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், கைவிட்ட ஹெட்கவுன்ட் (ஆள் ஒதுக்கீடு) திரும்பி வராது. மேனேஜருக்கு இப்படி எழுதுங்கள்: “இந்த ரிலீஸுக்கு ஆள் வேண்டாம் சார். இந்த ரிலீஸ் பட்டியலில் இருக்கும் வேலைகளில் மூன்றை அடுத்த ரிலீஸுக்குத் தள்ள அனுமதி கொடுங்கள். எவை என்று இணைத்திருக்கிறேன். ரிலீஸ் முடிந்த அடுத்த வாரம் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன், அவருக்கு க்ளெய்ம் டெஸ்க் அனுபவம் இருந்தால் நல்லது. இரண்டாவது ஆளை அடுத்த குவார்ட்டரில் தாருங்கள்.” எந்த மூன்று என்பதைச் சீனியரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.